மாகாண சபைத் தேர்தல் ஆசனக் கணக்கு: மன்னாரின் 5ஆவது ஆசனம் யாருக்கு, ஏன்?

வாசிகசாலை எழுதியது:

வணக்கம். முதற்தடவை வாக்களிக்கப்போகிற பிள்ளைகளுக்கு எங்கள் வாசிகசாலையில் அரைநாள் வகுப்பு ஒன்று வைக்கிறோம். மாகாண சபைத் தேர்தலில் விகிதாசார முறைப்படி ஆசனம் எப்படிப் பிரிகிறது என்பதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டவேண்டும். 2013 செப்டெம்பர் 21இல் நடந்த வட மாகாண சபைத் தேர்தலை உதாரணமாக எடுத்தேன். மன்னாரில் மாட்டிக்கொண்டேன்.

மன்னாருக்கு 5 ஆசனம். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு (தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னம்) 33,118 வாக்கு, 62.22 வீதம். ஐக்கிய மக்கள் சுதந்திர முன்னணி (வெற்றிலைச் சின்னம்) 15,104, அதாவது 28.38 வீதம். முஸ்லிம் காங்கிரஸ் (மரச் சின்னம்) 4,571, அதாவது 8.59 வீதம். மற்றவர்கள் எல்லாம் சேர்ந்தும் சில நூறுதான். வீதத்திலிருந்து பின்னோக்கிப் போனால் செல்லுபடியான வாக்கு 53,226 அளவில் வருகிறது.

நான் செய்தது: முதலிடத்துக்கு ஒரு போனஸ் ஆசனம் கொடுத்தேன். 5 வீதத்துக்குக் கீழே உள்ளவர்களைக் கழித்தேன். மிச்சம் 52,793ஐ 4ஆல் வகுத்து, மேல்நோக்கி முழுமையாக்கி 13,199 எடுத்தேன். வீட்டுக்கு 2, வெற்றிலைக்கு 1. மிஞ்சிய ஓர் ஆசனமும் கூடிய மிச்சம் உள்ள வீட்டுக்கே போகிறது. போனஸோடு 4-1-0. ஆனால் உண்மையில் வந்தது 3-1-1. எங்கே பிழை?

இன்னும் இரண்டு கேள்வி. போனஸ் ஆசனம் உண்மையில் எவ்வளவு மாற்றத்தைக் கொடுக்கிறது? விருப்பு வாக்கு, அதாவது கட்சியின் பட்டியலில் விரும்பிய வேட்பாளருக்குப் போடும் வாக்கு, போடும்போது பிள்ளைகள் எந்த இடத்தில் பிழை விடுவார்கள்?

---

மிச்சக்கணக்கு எழுதியது:

தம்பி, உங்கள் வகுத்தல் சரி. பாராளுமன்றத் தேர்தலின் கணக்கை மாகாண சபைக்குக் கொண்டுவந்ததுதான் பிழை. இரண்டும் ஒரே குடும்பத்து முறைகள் என்பதால் செய்தியாளர்கள்கூட இதில் வழுக்கி விழுவார்கள்.

பாராளுமன்றத்துக்கு மாவட்டந்தோறும் முதலிடக் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் உண்டு. 5 வீத வெட்டுப்புள்ளியும் உண்டு. நீங்கள் செய்தது அச்சொட்டாக அதுதான். மாகாண சபையில் மாவட்ட மட்டத்தில் போனஸே கிடையாது. 2 போனஸ் ஆசனம் இருக்கிறது, ஆனால் அது மாகாணம் முழுவதிலும் அதிக வாக்கு எடுத்த கட்சிக்கு, மாவட்டக் கணக்கெல்லாம் முடிந்த பிறகு. வெட்டுப்புள்ளியும் இல்லை. 2014 மேல் மாகாண சபையில் கொழும்பு போன்ற பெரிய மாவட்டத்தில் 5 வீதத்துக்கு வெகு கீழே நின்ற கட்சிகளும் ஆசனம் எடுத்தது அதனால்தான்.

ஆகவே மன்னாரை இப்படிப் போடுங்கள்.

செல்லுபடியான வாக்கு அத்தனையையும் 5ஆல் வகுக்கவேண்டும். 53,226 ÷ 5 = 10,645.2. பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றவேண்டும்: 10,646. ஓர் ஆசனத்தின் விலை இது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், உடனே பிடிபடும்.

வீடு: 33,118இல் 10,646 மூன்று தடவை அடங்கும். 3 ஆசனம், மிச்சம் 1,180.
வெற்றிலை: 15,104இல் ஒரு தடவை. 1 ஆசனம், மிச்சம் 4,458.
மரம்: 4,571இல் ஒரு தடவையும் அடங்காது. ஆசனம் இல்லை, மிச்சம் 4,571 முழுவதும்.

நாலு ஆசனம் முடிந்தது, ஒன்று கிடக்கிறது. அது மிகப் பெரிய மிச்சத்துக்கு. 4,571 பெரிதா, 4,458 பெரிதா? மரத்துக்குப் போய்விட்டது. இடைவெளி 113. மொத்த வாக்கை வீதத்திலிருந்து பிடித்திருப்பதால் ஒன்றிரண்டு கூடக்குறைய இருக்கலாம், முடிவு மாறாது.

இந்த 113ஐக் கரும்பலகையில் பெரிதாக எழுதி வட்டம் போடுங்கள். 57 பேர் மரத்தை விட்டு வெற்றிலைக்குப் போட்டிருந்தால் அந்த ஆசனம் மாறியிருக்கும். ஒரு வாக்களிப்பு நிலையத்தில் காலையில் ஒரு மணித்தியாலம் நிற்கும் வரிசையை விடக் குறைவு அது. என் ஒரு வாக்கால் என்ன ஆகப்போகிறது என்று கேட்கிற பிள்ளைக்கு வேறு பதில் தேவையில்லை.

இதே வாக்குகளை வேறு விகிதாசார முறைகளில் போட்டுப் பாருங்கள், வகுப்புக்கு அருமையான பயிற்சி.

டி ஹொன்ட் முறையில் ஒவ்வொரு கட்சியின் வாக்கையும் 1, 2, 3, 4 என்று வகுத்து, வரும் எண்களில் பெரிய ஐந்தை எடுப்பார்கள். 33,118, 16,559, 15,104, 11,039, 8,279. முதலாவது, இரண்டாவது, நாலாவது, ஐந்தாவது வீட்டினுடையவை. முடிவு 4-1-0.

செயின்ட் லாகு முறையில் 1, 3, 5, 7 என்று வகுப்பார்கள். 33,118, 15,104, 11,039, 6,623, பிறகு வெற்றிலையின் 15,104ஐ 3ஆல் வகுத்த 5,034. முடிவு 3-2-0.

இலங்கை முறையில் 3-1-1. மூன்றும் விகிதாசாரம்தான், மூன்றும் வேறு வேறு சபை. இந்த மூன்றில் சிறிய சமூகத்துக்குக் கதவு திறந்தது மிகப் பெரிய மிச்ச முறை மட்டும். மன்னாரில் அந்தக் கதவு திறந்திருந்தது நல்லது என்பது என் உறுதியான கருத்து. 8 வீதத்துக்கு மேல் வாக்கெடுத்த ஒரு தரப்பு மாவட்டத்தில் குரலில்லாமல் போவது விகிதாசாரம் என்ற சொல்லுக்கே பொருந்தாது.

மற்ற மாவட்டங்களையும் சுருக்கமாகத் தருகிறேன், விடையைச் சரிபார்க்க.

யாழ்ப்பாணம், 16 ஆசனம். வீடு 213,907, வெற்றிலை 35,995. ஆசன விலை ஏறத்தாழ 15,846. முழுதாக 13உம் 2உம். மிஞ்சிய ஒன்று 7,900 அளவு மிச்சம் உள்ள வீட்டுக்கு. 14-2.

கிளிநொச்சி, 4 ஆசனம். வீடு 37,079, வெற்றிலை 7,897. ஆசன விலை 11,365 அளவில். வீட்டுக்கு 3, மிச்சம் 3,000க்கும் சற்றுக் குறைவு. வெற்றிலை ஆசன விலையை எட்டவே இல்லை, ஆனாலும் அதன் 7,897 வீட்டின் மிச்சத்தை விடப் பெரிது. 3-1. 81 வீதத்துக்கு மேல் எடுத்தும் நாலும் கிடைக்காதது இதனால்தான்.

முல்லைத்தீவு, 5 ஆசனம். வீடு 28,266, வெற்றிலை 7,209. ஆசன விலை 7,196 அளவில். வெற்றிலை பத்துப் பன்னிரண்டு வாக்கால்தான் விலையைத் தாண்டியது. தாண்டாமல் விட்டிருந்தாலும் அந்த ஆசனம் போயிராது, மிச்ச வரிசையில் முதலாவதாக நின்றிருக்கும். விலையை எட்டுவதா இல்லையா என்று பதறத் தேவையில்லை, மிச்சம் எங்கே நிற்கிறது என்பதுதான் கதை. 4-1.

வவுனியா, 6 ஆசனம். வீடு 41,225, வெற்றிலை 16,633. விலை 10,395 அளவில். முழுதாக 3உம் 1உம், மிஞ்சிய இரண்டும் ஆளுக்கொன்று. 4-2. அங்கே மரத்துக்கு 1,991 மட்டுமே.

எல்லாம் கூட்டினால் வீடு 28, வெற்றிலை 7, மரம் 1. மொத்தம் 36. போனஸ் 2 சேர்ந்து வீடு 30, சபை 38.

---

கொட்டியாபுரம் எழுதியது:

கணக்கைப் பற்றி மேலே அண்ணை சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. போனஸ் பற்றிய கேள்விக்கு வட மாகாணம் சரியான உதாரணம் அல்ல என்பதற்காக எழுதுகிறேன்.

2013இல் வடக்கில் கூட்டமைப்புக்கு மாகாண அளவில் 353,595 வாக்கு, 78.48 வீதம். போனஸ் இல்லாமல் 36இல் 28, அதாவது 77.8 வீதம். போனஸோடு 38இல் 30, அதாவது 78.9 வீதம். வாக்கு வீதத்துக்கு இருபுறமும் ஒட்டியபடி நிற்கிறது. ஆட்சி யாருக்கு என்பதில் ஒரு மாற்றமும் இல்லை. இதை மட்டும் காட்டினால் போனஸ் ஓர் அலங்காரம் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள்.

கிழக்கு மாகாணத்தை எடுங்கள். 2012 செப்டெம்பர் 8. அம்பாறை 14, மட்டக்களப்பு 11, திருகோணமலை 10, மொத்தம் 35. ஐக்கிய மக்கள் சுதந்திர முன்னணி 200,044 வாக்கு, 12 ஆசனம். தமிழரசுக் கட்சி 193,827 வாக்கு, 11 ஆசனம். முஸ்லிம் காங்கிரஸ் 132,917 வாக்கு, 7 ஆசனம். ஐக்கிய தேசியக் கட்சி 74,901 வாக்கு, 4 ஆசனம். தேசிய சுதந்திர முன்னணி திருகோணமலையில் ஓர் ஆசனம்.

முதலாம் இரண்டாம் இடங்களுக்கு இடையில் 6,217 வாக்கு. ஆசனத்தில் வித்தியாசம் ஒன்று. அந்த 6,217 வாக்குக்காக 2 போனஸும் ஒரே பக்கம் போகிறது. 12-11 என்று நின்றது 14-11 ஆகிறது.

இப்போது பெரும்பான்மையைப் பாருங்கள். 35 பேர் கொண்ட சபையாக இருந்தால் 18 போதும். தமிழரசு 11, முஸ்லிம் காங்கிரஸ் 7, சரியாக 18. இரண்டு கட்சி சேர்ந்தாலே ஆட்சி. போனஸ் சேர்ந்து சபை 37 ஆனதும் 19 வேண்டும். அதே இரண்டு கட்சிக்கும் ஒன்று குறைகிறது, மூன்றாவதாக ஐக்கிய தேசியக் கட்சியும் வரவேண்டும். மறுபக்கம் முன்னணி 14உம் முஸ்லிம் காங்கிரஸ் 7உம் சேர்ந்தால் 21, சிரமமில்லாமல் தாண்டும். அப்போது முஸ்லிம் காங்கிரஸ் முன்னணியோடு சேர்ந்தது, நஜீப் ஏ. மஜீத் முதலமைச்சரானார். 2015 பெப்ரவரியில் கூட்டு மாறி நசீர் அஹமட் வந்ததும் அதே சபைக்குள்தான், அதே எண்களோடுதான்.

அரசியல் முடிவை எண் மட்டும் தீர்மானிக்கவில்லை என்பது தெரியும். ஆனால் பேரம் பேசுகிறவர்களின் கையில் என்ன சீட்டு இருக்கிறது என்பதைப் போனஸ் தீர்மானித்தது. நெருக்கமான மாகாணத்தில் போனஸ் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி. ஒரு தரப்பு பெருவாரியாக வெல்லும் இடத்தில் அது சும்மா கிடக்கும்.

போனஸ் ஆசனத்துக்கு ஆளைப் பெயரிடுவது கட்சியின் செயலாளர், விருப்பு வாக்கு வரிசை அங்கே கட்டுப்படுத்தாது. வடக்கில் ஒன்றை முஸ்லிம் பிரதிநிதித்துவத்துக்காக அய்யூப் அஸ்மினுக்குக் கொடுத்தார்கள். நல்ல பயன்பாடு என்றே சொல்வேன்.

---

வாசிகசாலை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி அண்ணைமார். மன்னாரும் கிழக்கும் கட்டாயம் வகுப்பில் வரும்.

ஒன்று மனதில் உறுத்துகிறது. மிச்சம்தான் ஆசனத்தைத் தருகிறதென்றால், பெரிய கட்சி ஒன்று தன் வாக்கை இரண்டு பட்டியலாகப் பிரித்துப் போட்டால் என்ன? மன்னாரில் வீட்டின் மிச்சம் 1,180 வீணாகத்தானே போனது? யாராவது சுயேச்சைக் குழு ஒன்றைப் பக்கத்தில் இறக்கினால் ஆசனம் கூடுமா, குறையுமா? பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள்.

---

மிச்சக்கணக்கு எழுதியது:

கேட்கவேண்டிய கேள்வி. கூடவும் செய்யும். இந்த முறையின் பலவீனமான மூட்டு அதுதான், மறைக்காமல் காட்டுங்கள்.

மன்னாரின் 33,118ஐ இரண்டு சம பட்டியலாக, 16,559 வீதம், பிரித்ததாக வைத்துக்கொள்வோம். ஆசன விலை அதே 10,646. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசனம், மிச்சம் 5,913 வீதம். வெற்றிலைக்கு ஒன்று. மூன்று ஆசனம் போக இரண்டு மிஞ்சும். மிச்ச வரிசை: 5,913, 5,913, 4,571, 4,458. மிஞ்சிய இரண்டும் பிரிந்த பட்டியல்களுக்கே. மொத்தம் 4. ஒரே பட்டியலாக நின்றபோது 3.

இப்போது அதே வாக்கை 24,000 என்றும் 9,118 என்றும் பிரியுங்கள். பெரியதற்கு 2, மிச்சம் 2,708. சிறியதற்கு முழுதாக ஒன்றுமில்லை, மிச்சம் 9,118. வெற்றிலைக்கு 1. மிஞ்சிய இரண்டில் ஒன்று 9,118க்கு, மற்றது மரத்தின் 4,571க்கு. மொத்தம் 3. லாபமில்லை, ஆனால் கட்சிக்குள் ஓர் ஆசனம் கைமாறியிருக்கும்.

30,000 என்றும் 3,118 என்றும் பிரிந்தால்? பெரியது 2, மிச்சம் 8,708. மிஞ்சிய இரண்டும் 8,708க்கும் 4,571க்கும். பிரிந்துபோன குழுவுக்கு ஒன்றுமில்லை, மொத்தம் 3.

ஆக, பிரிப்பு பலிக்கவேண்டுமானால் வாக்காளர்கள் சொல்லிவைத்தாற்போல சரியான அளவில் பிரியவேண்டும். ஊர்வாரியாக, வட்டாரவாரியாக யார் எதற்குப் போடுவது என்று பணித்து, அதை அவர்கள் கடைப்பிடிக்கவேண்டும். ஹொங்கொங் சட்டசபைத் தேர்தலில் 1998 முதல் 2016 வரை இதே மிச்ச முறை இருந்தது. அங்கே கட்சிகள் ஒரே தொகுதியில் இரண்டு மூன்று பட்டியல் போட்டுப் பழகி, பெரும்பாலான பட்டியல்கள் ஓர் ஆசனத்தையே எடுக்கும் நிலை வந்தது. பட்டியல் முறை என்ற பெயர் மட்டும் மிஞ்சியது.

இங்கே அதைத் தடுப்பது போனஸ். பிரிந்த இரண்டு பட்டியலின் வாக்கும் மாகாணக் கணக்கில் ஒன்றாகச் சேராது. கிழக்கில் 6,217 வாக்கில் 2 ஆசனம் போனதை மேலே பார்த்தீர்கள். நெருக்கமான மாகாணத்தில் மாவட்டத்தில் ஒன்றை எட்டிப் பிடிக்கப்போய் மாகாணத்தில் இரண்டை விட்டுவிடலாம்.

சேர்வதைப் பற்றியும் ஒரு வரி. மன்னாரில் வெற்றிலையும் மரமும் ஒரே பட்டியலில் நின்றிருந்தால் 19,675. ஓர் ஆசனம், மிச்சம் 9,029, மிஞ்சியதும் அவர்களுக்கே. 2 ஆசனம். தனித்தனியாக நின்றும் இரண்டுதான் வந்தது. ஆனால் சேர்ந்திருந்தால் அந்த இருவர் யார் என்பதை விருப்பு வாக்கு தீர்மானித்திருக்கும், மரத்துக்காரருக்கு ஒன்று என்ற உத்தரவாதம் இருந்திராது.

---

புள்ளடி எழுதியது:

கணக்கு நன்றாகப் போகிறது. ஆனால் முதல் வாக்காளருக்கு அதைவிட அவசரமானது, போடுகிற வாக்கு எண்ணும் மேசையில் உயிரோடு இருக்கவேண்டும் என்பது. வகுப்பில் பாதி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாக்குச்சீட்டில் மேலே கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும், பெயரும் சின்னமும். அவற்றுக்கு நேரே கட்டம். கீழே வெறும் இலக்கங்கள். வேட்பாளர் பெயர் சீட்டில் எங்கும் இருக்காது. ஒவ்வொரு பட்டியலிலும் மாவட்ட ஆசன எண்ணிக்கையோடு 3 கூட்டிய அளவு வேட்பாளர்கள். யாழ்ப்பாணத்தில் 16 ஆசனம், ஆகவே 19 பேர், ஆகவே சீட்டில் 1 முதல் 19 வரை இலக்கம்.

முதலில் கட்சிக்கு ஒரு புள்ளடி (X அடையாளம்). பிறகு விரும்பினால், அந்தக் கட்சியின் வேட்பாளர்களில் மூன்று பேர் வரை, அவர்களின் இலக்கத்தில் புள்ளடி. ஒன்று போடலாம், இரண்டு போடலாம், போடாமலும் விடலாம். கட்சி வாக்கு எண்ணப்படும்.

பிழை விழும் இடங்கள், நான் முக்கியம் என்று நினைக்கும் வரிசையில்:

கட்சிக்குப் புள்ளடி போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போடுவது. பிரசாரம் முழுக்க "இலக்கம் 7, இலக்கம் 7" என்று காதில் விழுந்து, சீட்டைக் கண்டதும் கை நேரே 7க்குப் போகும். எந்தக் கட்சியின் 7 என்று சீட்டுக்குத் தெரியாது. வாக்கு நிராகரிக்கப்படும். மிகவும் வேதனையான நிராகரிப்பு இது, ஏனென்றால் அந்த மனிதர் யாருக்குப் போடுவது என்று தெளிவாக முடிவெடுத்து வந்தவர்.

ஒரு கட்சிக்குப் புள்ளடி, மற்றக் கட்சிக்காரரை நினைத்து இலக்கம். சீட்டு செல்லும். ஆனால் இலக்கம் புள்ளடியிட்ட கட்சிக்கே சேரும். நினைத்தவருக்கு ஒன்றும் போகாது, முன்பின் தெரியாத ஒருவருக்கு விருப்பு வாக்கு விழுந்திருக்கும்.

மூன்றுக்கு மேல் இலக்கம். கட்சி வாக்கு பிழைக்கும், விருப்பு வாக்கு அத்தனையும் போகும். நாலாவதை மட்டும் விட்டுவிட்டு முதல் மூன்றை எடுப்பார்கள் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை.

இரண்டு கட்சிக்குப் புள்ளடி, அல்லது வாக்காளரை அடையாளம் காட்டும் பெயர், கையெழுத்து. முழுச் சீட்டும் நிராகரிப்பு.

1, 2, 3 என்று எழுதுவது. 2024 செப்டெம்பர் சனாதிபதித் தேர்தலில் விருப்பத் தெரிவை இலக்கத்தால் எழுதினோம். அதே ஆண்டு நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கும் இலக்கத்துக்கும் புள்ளடி. 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் ஒரே ஒரு புள்ளடி. எட்டு மாதத்துக்குள் மூன்று விதம். மாகாண சபையின் விருப்பு வாக்கில் முதலாவது, இரண்டாவது என்ற தரவரிசை கிடையாது. மூன்று புள்ளடிக்கும் ஒரே பெறுமதி. எண்ணும் மேசையில் வாதத்துக்கு இடம் கொடுக்காமல் புள்ளடி மட்டும் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று சீட்டின் பின்பக்கம். அலுவலர் தரும்போது உத்தியோகபூர்வ முத்திரை விழுந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கவேண்டும். முத்திரை இல்லாத சீட்டு எண்ணப்படாது. வாக்களிக்கும் மறைவிடத்துக்குப் போவதற்கு முன்னரே கேட்கவேண்டும், மடித்துப் பெட்டியில் போட்ட பிறகு யாராலும் எதுவும் செய்ய முடியாது.

எண்ணும் ஒழுங்கையும் சொல்லிக்கொடுங்கள், இரவில் வானொலி கேட்கும்போது குழம்ப மாட்டார்கள். தபால் மூல வாக்கு தனியாக எண்ணப்பட்டு முதலில் வெளிவரும். கடமையில் இருக்கும் அரச ஊழியர்களின் வாக்கு அது, அதை வைத்து மாவட்டம் முழுவதையும் ஊகிக்கக் கூடாது. பிறகு தொகுதிவாரியாகக் கட்சி வாக்கு. எல்லாம் கூடியதும் மாவட்ட ஆசனப் பங்கீடு. விருப்பு வாக்கு கடைசி. கட்சி வென்றது இரவே தெரிந்தாலும், யார் யார் உறுப்பினர் என்பது தெரியப் பொழுது விடிந்துவிடும்.

விருப்பு வாக்கின் சரிவைக் காட்ட 2013 யாழ்ப்பாணமே போதும். வீட்டுக்கு விழுந்தது 213,907 வாக்கு. சி.வி. விக்னேஸ்வரனுக்கு 132,255 விருப்பு வாக்கு. இரண்டாவதாக அனந்தி சசிதரனுக்கு 87,870. மூன்றாவதாக வந்த தர்மலிங்கம் சித்தார்த்தனுக்கு 39,715. கீழே போகப்போக இன்னும் சிறுக்கும். முதல் இரண்டு பேருக்கு அலை, மற்றவர்களுக்கு ஊர் ஊராக நடை. ஒரே பட்டியலில் நிற்பவர்கள் ஒருவரோடு ஒருவர் போட்டியிடுகிறார்கள், ஆனால் ஒவ்வொருவரும் கொண்டுவரும் வாக்கு ஒரே குடத்தில்தான் விழுகிறது. இந்த இரட்டைத்தன்மையை விளங்கிக்கொண்டால் சுவரொட்டிச் சண்டைகள் ஏன் கட்சிக்குள்ளேயே நடக்கின்றன என்பதும் விளங்கும்.

இடையில் ஒருவர் பதவி விலகினால் இடைத்தேர்தல் இல்லை. அதே மாவட்டத்தில் அதே பட்டியலில் அடுத்த அதிக விருப்பு வாக்குக்காரர் உள்ளே வருவார். ஆகவே தோற்றவருக்கு விழுந்த விருப்பு வாக்கும் செத்த வாக்கு அல்ல.

---

கொட்டியாபுரம் எழுதியது:

வகுப்பில் கடைசியில் ஒரு பிள்ளை எழும்பி "அப்ப தேர்தல் எப்ப?" என்று கேட்கும். பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

2014 செப்டெம்பரில் ஊவாவில் நடந்ததுதான் கடைசி மாகாண சபைத் தேர்தல். வடக்கின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. இடையில் 2017 செப்டெம்பர் 20இல் மாகாண சபைத் தேர்தல் சட்டத்தைத் திருத்தினார்கள். நாம் மேலே போட்ட முழு விகிதாசாரம் போய், பாதி தொகுதியிலிருந்து நேரடியாக, பாதி விகிதாசாரமாக என்ற கலப்பு முறை வந்தது. பெண் வேட்பாளர்களுக்கான ஒதுக்கீடும் அதில் இருந்தது, அது வரவேண்டிய ஒன்று. ஆனால் தொகுதி வேண்டுமானால் எல்லை வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தபோது, 2018 ஓகஸ்ட் 24இல், ஆதரவாக ஒரு வாக்குக்கூட இல்லாமல் தோற்கடிக்கப்பட்டது. மீளாய்வுக்கென்று குழு போட்டார்கள், அதிலிருந்தும் எல்லை வரவில்லை.

பழைய முறை சட்டத்தில் இல்லை. புதிய முறைக்கு எல்லை இல்லை. சட்டத்தைத் திருத்தாமல் பழைய முறையில் நடத்த முடியாது என்பதை 2019இல் உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 13ஆவது திருத்தம் தந்த சபைகள் ஆளுநர்களின் கையில் கிடக்கின்றன. இதை நான் சாதாரண தாமதமாகப் பார்க்கவில்லை. பாராளுமன்றம் ஒரு திருத்தத்தை நிறைவேற்றினால் பழைய முறைக்குத் திரும்பலாம். மேலே போட்ட கணக்கு அப்போது ஒரு வரியும் மாறாமல் செல்லும்.

கலப்பு முறையையும் ஒரு பத்து நிமிடம் தொடுங்கள், ஆனால் மன்னார் எண்களை அதில் போட்டுக் காட்டப் போகாதீர்கள். எல்லையே இல்லாத தொகுதிக்கு வாக்கைப் பங்கிட முடியாது.

---

வாசிகசாலை எழுதியது:

விளங்கியது. மாதிரி வாக்குச்சீட்டு ஒன்று அச்சடிக்கிறேன். மேலே ஐந்து கற்பனைச் சின்னம், கீழே 1 முதல் 19 வரை இலக்கம். எண்ணும்போது மன்னார் மாதிரி 5 ஆசனத்துக்குப் பிரிப்போம். சரியா?

---

புள்ளடி எழுதியது:

5 ஆசனமென்றால் இலக்கம் 8 வரைதான் தம்பி, 19 யாழ்ப்பாணத்துக்கு. பின்பக்க முத்திரையை வேண்டுமென்றே நாலைந்து சீட்டில் போடாமல் விடுங்கள், எத்தனை பேர் திருப்பிப் பார்க்கிறார்கள் என்று தெரியும். நிராகரித்த சீட்டுகளைக் குப்பையில் போடாமல் சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றும் ஏன் போனது என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். பிறகு அந்தச் சீட்டுகளையும் சேர்த்து ஒரு தடவை ஆசனத்தைப் பிரித்துப் பாருங்கள், கடைசி ஆசனம் கைமாறுகிறதா என்று.